மஞ்சள் பூத்த கண்ணாடி

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், பழுப்புத் தோல் உறைக்குள் ஒரு கேமரா பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் முன்பு கோடை விடுமுறைக்கு வந்த பேரன் அதை வெளியே எடுத்தான். லென்ஸை மட்டும் திருகிக் கழற்றி, என் எழுதும் மேசையில் கிடந்த வெள்ளைத் தாள்மேல் வைத்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இதுக்குள்ள டீ ஊத்தி வெச்சீங்களா?"

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். லென்ஸ் வழியாகத் தெரிந்த தாள் வெள்ளையாக இல்லை. பால் ஊற்றாத இளம் டீயின் நிறம். லென்ஸுக்கு வெளியே தாள் வெள்ளை, உள்ளே மஞ்சள்.

எனக்கு உடனே நினைவு வந்தது 1983-ஆம் வருடமும் ஸ்டூடியோ அண்ணனும்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கண்ணாடியின் கதையைச் சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேமரா என் அக்கா வீட்டுக்காரருடையது. புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் பழைய ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். ஜிபூத்தியில் இருந்தபோது, 1968-இல், வரியில்லாத விலைக்கு ஓர் அசாஹி பென்டாக்ஸ் ஸ்பாட்மேடிக் வாங்கினார். அதோடு வந்த லென்ஸ் சூப்பர் டாக்குமர் 50 மி.மீ., எஃப் 1.4. எழுபதுகளின் நடுவில் லீவில் வந்தவர், "மாப்ளே, நீ பத்திரமா வெச்சிரு, நான் அங்க வேற வாங்கிக்கறேன்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவர் சொன்னபடியே பத்திரமாக வைத்தேன். மூடி போட்டு, உறையில் போட்டு, பீரோவில் பூட்டி வைத்தேன். அந்தப் பத்திரம்தான் வினையானது என்பது பின்னால் தெரிந்தது.

1983-இல் என் தங்கை கல்யாணம். மாமா பிரான்சிலிருந்து மூன்று ரோல் கலர் ஸ்லைடு ஃபிலிம் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடும்பங்களிலும் சொல்தா வீடுகளிலும் அப்போது ஸ்லைடு மோகம் அதிகம். 'தியாபோ' என்பார்கள். சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் படம் காட்டுவது ஒரு கௌரவம். அதனால்தான் நம் ஸ்டூடியோ அண்ணனும் வெளிநாட்டு மருந்து வரவழைத்து, ஸ்லைடு கழுவக் கற்றுவைத்திருந்தார். அது எளிய வேலை இல்லை. முதல் மருந்தின் சூடு 38 டிகிரியில் நிற்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் படம் போய்விடும். தொட்டியில் வெந்நீரும் ஐஸும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு, தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பார்.

கல்யாணத்தன்று காலை வெயிலில், பந்தலுக்கு வெளியே, படங்களை நானே எடுத்தேன். குரூப் போட்டோ எடுக்கும்போது 50 மி.மீ. லென்ஸில் இரண்டு பக்க உறவும் அடங்கவில்லை. அருகில் நின்ற அண்ணன், தன் ப்ராக்டிகா கேமராவிலிருந்து 35 மி.மீ. லென்ஸைக் கழற்றி, என் பென்டாக்ஸில் திருகிக் கொடுத்தார். கிழக்கு ஜெர்மனியின் ப்ராக்டிகாவுக்கும் ஜப்பானின் பென்டாக்ஸுக்கும் ஒரே திருகு வாய்தான், 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. குரூப் முடிந்ததும் பழைய லென்ஸை மாட்டிக்கொண்டேன். இந்தச் சின்ன விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பதினைந்து நாள் கழித்து, சம்பந்தி வீட்டாரை விருந்துக்கு அழைத்திருந்தோம். கூடத்துச் சுவரில் ஸ்லைடு போட்டேன். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மஞ்சள். பந்தலின் வெள்ளைத் துணி மஞ்சள். முகங்களும் மஞ்சள். சம்பந்தியம்மா இருட்டில், "எம் புள்ளைக்கு மஞ்சக்காமாலையா என்ன?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "காலாவதியான மருந்தில் கழுவிட்டு எங்க மானத்தை வாங்கிட்டீங்க" என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, மருந்து கெட்டிருந்தா ரோல் முழுக்கக் கெட்டிருக்கணும். வீட்டுக்குப் போய் வரிசையா வெச்சுப் பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை. அந்த ஸ்லைடு பெட்டியை மூடி மேலே போட்டேன். அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். அவர் எதிரே வந்தால் தெருவின் அடுத்த பக்கம் நடந்தேன்.

இனி கண்ணாடியின் கதைக்கு வருகிறேன்.

ஒரு லென்ஸ் வெளிச்சத்தை அதிகமாக வாங்க வேண்டுமென்றால், அதன் வில்லைகள் ஒளியை நன்றாக வளைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் அதைச் செய்ய வில்லையைப் பானை வயிறு போல உப்ப வைக்க வேண்டியிருக்கும். அப்படி உப்பினால் படத்தின் ஓரங்கள் குழம்பும். ஈயம் கலந்த கனமான கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும். ஆனால் வளைக்கும்போதே வண்ணங்களைப் பிரித்துச் சிதறடிக்கும். நன்றாக வளைக்கவும் வேண்டும், வண்ணத்தைச் சிதறவும் கூடாது. லென்ஸ் செய்பவர்கள் நெடுங்காலம் தேடிய கண்ணாடி அது.

அதற்கான பெரிய திறப்பு 1930-களில் அமெரிக்காவில் கிடைத்தது. வாஷிங்டனில் கார்னெகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் மோரி என்பவர், கண்ணாடிக்கு வழக்கமான மணலை நம்பாமல், லாந்தனம், தோரியம் போன்ற அரிய தனிமங்களைக் கொண்டு புதுவகைக் கண்ணாடிகளை உருக்கினார். கோடாக் நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களிலிருந்து தரையைப் படமெடுத்த ஏரோ எக்டார் என்ற பெரிய லென்ஸில் தோரியக் கண்ணாடி இருந்தது. இன்று கிடைக்கும் ஏரோ எக்டார்களில் பல, தேன் நிறத்துக்கு மாறியிருப்பதும் அதனால்தான்.

தோரியம் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டில் ஞாபகம் இருக்கிறதா? சின்னத் துணிப்பை போல இருக்கும். முதல் முறை கொளுத்தியதும் துணி எரிந்துபோய், வெள்ளைச் சாம்பல் கூடாக நிற்கும். விரல் பட்டால் உதிரும். அந்த வெள்ளைக் கூடு பெரும்பாலும் தோரியம் ஆக்சைடுதான். ஆஸ்திரியாவின் அவுவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கலவை அது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களுக்கும் தெருக்கூத்துக்கும் வெளிச்சம் கொடுத்தது அதுதான். அதற்கான மூலப்பொருள் மோனசைட் என்ற மணல். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்ப் பொருளில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து, அது வந்த இடம் தேடி நம் தெற்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அப்படித்தான் தொடங்கியது. என் லென்ஸில் இருக்கும் தோரியம் அங்கிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொருளை நாம் ஏற்கெனவே அறிவோம் என்று மட்டும் சொல்கிறேன்.

தோரியத்தை 1829-இல் சுவீடனின் பெர்சீலியஸ் கண்டறிந்தார். அது கதிர் வீசும் பொருள் என்பது 1898-இல்தான் தெரிந்தது. ஜெர்மனியில் ஷ்மிட், பாரிஸில் மேரி கியூரி, இருவரும் தனித்தனியே கண்டார்கள். நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது பெக்கெரெல், கியூரி பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறோம். ஆனால் பாடத்தில் வராத ஒரு விஷயத்தை இந்த வயதில்தான் படித்தேன். கதிர் வீசும் பொருளை வைத்திருந்த கண்ணாடிப் பாத்திரத்தின் நிறம் மாறுவதை 1899-லேயே கியூரி தம்பதி எழுதிவைத்திருக்கிறார்கள். மோரி தன் கண்ணாடியை உருக்கியதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முன்பே, கதிர் பட்டால் கண்ணாடி நிறம் மாறும் என்பது பதிவில் இருந்திருக்கிறது. என் லென்ஸில் பாத்திரமும் பொருளும் வேறு வேறு இல்லை. கண்ணாடியே கதிர் வீசுகிறது, கண்ணாடியே நிறம் மாறுகிறது.

அது மாறும் விதம் இப்படி. தோரியம் மிக மிக மெதுவாகச் சிதையும். ஒரு பிடி தோரியத்தில் பாதி சிதைய சுமார் 1,400 கோடி வருடம் ஆகும். ஆனால் ஒரு வில்லைக்குள் எண்ணிலடங்கா அணுக்கள் இருப்பதால், ஒவ்வொரு நொடியும் சில சிதைந்துகொண்டே இருக்கும். அப்போது வரும் கதிர், கண்ணாடியில் இருக்கும் எலெக்ட்ரான்களைத் தட்டி இடம் பெயர்க்கிறது. பெயர்ந்தவை கண்ணாடியின் சின்னச் சின்னக் குறைபாடுகளில் போய் மாட்டிக்கொள்கின்றன. மாட்டிக்கொண்ட இடங்கள் நீல ஒளியை விழுங்கும். வெள்ளை ஒளியில் நீலம் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள். அழுக்கு இல்லை, பூஞ்சை இல்லை, துடைத்தால் போகாது. நிறம் கண்ணாடியின் உடம்புக்குள் இருக்கிறது.

இப்போது டாக்குமர் லென்ஸுக்கு வருகிறேன். அசாஹி நிறுவனம் 1919-இல் தொடங்கியது. ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராவான அசாஹிஃப்ளெக்ஸை 1952-இல் கொண்டுவந்தது அவர்கள்தான். 1957-இல் பென்டாக்ஸ் வந்தது. லென்ஸுக்கு டாக்குமர் என்ற பெயர், நிறுவனர் கும்மாவோ கஜிவாராவின் சகோதரர் டாக்குமாவின் நினைவாக வைத்தது. அவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஓவியர், புகைப்படக்காரர். 1964-இல் ஸ்பாட்மேடிக் கேமரா விற்பனைக்கு வந்தபோது, அதன் பெருமைக்குரிய லென்ஸாக 50 மி.மீ. எஃப் 1.4 வந்தது. முதல் வடிவத்தில் எட்டு வில்லைகள். அவற்றில் மூன்றை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பார்கள். செய்வதற்குச் செலவும் சிரமமும் அதிகம். நஷ்டத்துக்கு விற்றார்கள் என்று சேகரிப்பவர்கள் ஒரு கதை சொல்வார்கள். கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்குள் ஏழு வில்லை வடிவம் வந்துவிட்டது. ஒரு வில்லையைக் குறைத்தும் அதே வேலையை வாங்க, பின்புறத்தில் தோரியக் கண்ணாடியைப் போட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் பெயர் மாறவில்லை. முன் வளையத்தில் எட்டு வில்லைக்கும் அதே 'சூப்பர் டாக்குமர்', ஏழு வில்லைக்கும் அதே 'சூப்பர் டாக்குமர்'. இரண்டிலும் 49 மி.மீ. ஃபில்டர்தான் பொருந்தும். கடையில் வாங்கியவருக்கு மாற்றம் தெரியாது. ஓர் அரசாணை எண்ணை மாற்றாமல் உள்ளே பத்தியை மட்டும் மாற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

ஆனால் உற்றுப் பார்த்தால் தடயங்கள் உண்டு. வீட்டில் இந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ள, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், தூர அளவுக்குக் கீழே 4, 8, 16 என்று எண்கள் இருக்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே அகச்சிவப்பு ஃபிலிமுக்கான சின்னச் சிவப்புக் குறி ஒன்று இருக்கும். அது 4 என்ற எண்ணுக்கு வலப்பக்கம் இருந்தால் எட்டு வில்லை. இடப்பக்கம் இருந்தால் ஏழு வில்லை. எனக்கு இடப்பக்கம் இருந்தது.

இரண்டாவது, லென்ஸைக் கவிழ்த்துப் பின்புறக் கண்ணாடியைப் பாருங்கள். எட்டு வில்லையில் அது வெளியே நன்றாக உப்பித் துருத்திக்கொண்டு நிற்கும். ஏழில் அவ்வளவு துருத்தல் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சின்ன விசையின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். ஏழு வில்லை சூப்பர் டாக்குமரில் 37800 அல்லது 37801 என்று இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டும். என் லென்ஸில் 37801.

நான்காவது, முன் வளையத்துப் பெயர். 1971-இல் பல அடுக்குப் பூச்சுடன் 'சூப்பர் மல்ட்டி கோட்டட் டாக்குமர்' வந்தது. பிறகு ரப்பர் பிடியோடு 'எஸ்.எம்.சி. டாக்குமர்' வந்தது. இரண்டும் ஏழு வில்லைதான், இரண்டிலும் தோரியம் உண்டு. பூச்சு புதிதானாலும் கண்ணாடி மஞ்சளாகும்.

ஐந்தாவதும் முக்கியமானதும், என் பேரன் தெரியாமலே செய்த வெள்ளைத் தாள் சோதனை. இதில் பலர் ஏமாறுவார்கள். லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் மேற்பரப்பில் ஊதாவும் பொன்னிறமும் மின்னும். அது பூச்சின் நிறம், எதிரொளிப்பு, குறை இல்லை. கண்ணாடியின் நிறத்தை அறிய, அதன் ஊடாகத்தான் பார்க்க வேண்டும். தாளில் நேராக வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, மேலிருந்து பாருங்கள். பக்கத்தில் வேறொரு லென்ஸை வைத்தால் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். பழைய லென்ஸ்களில் வில்லைகளை ஒட்டிய பிசினும் வருடக்கணக்கில் மஞ்சளாகும். அதையும் இதையும் பிரித்தறிய ஒரு வழிதான் வீட்டில் உண்டு: வெயில். அதைப் பிறகு சொல்கிறேன்.

டாக்குமர் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். லைகாவின் சம்மிக்ரான் 50 மி.மீ. லென்ஸின் முதல் பிரதிகள் சிலவற்றிலும், கேனன், கொனிக்கா, யாஷிக்கா நிறுவனங்களின் வேகமான லென்ஸ்கள் சிலவற்றிலும் தோரியம் உண்டு. டாக்குமர் 55 மி.மீ. எஃப் 1.8-இல் பிற்காலத்தியவற்றிலும் உண்டு. எழுபதுகள் முடிவதற்குள் பெரும்பாலான நிறுவனங்கள் தோரியத்தைக் கைவிட்டு, லாந்தனக் கண்ணாடியில் காரியத்தை முடித்துக்கொள்ளக் கற்றுவிட்டன.

கதிர்வீச்சு என்றதும் என் மனைவி, "அதை முதல்ல வீட்டை விட்டு வெளியே எடுங்க" என்றாள். நியாயமான பயம். தோரியம் வீசும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். மற்றவற்றில் கொஞ்சம் வெளியே வரும். பின்புறத்தில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். அமெரிக்க விதிகளில் நெடுங்காலம், லென்ஸின் எடையில் 30 சதவீதம் வரை தோரியம் இருக்க அனுமதி இருந்தது. ஆனால் மூக்குக்கண்ணாடிக்கும், கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வில்லைகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அதிலேயே நமக்கு வேண்டிய புத்தி இருக்கிறது. கேமராவில் மாட்டிப் படமெடுக்கலாம். கண்ணில் ஒட்டிவைத்துப் பூதக்கண்ணாடியாக ஆக்கக் கூடாது. உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. தலைமாட்டில் வைத்துத் தூங்கவும் வேண்டாம்.

ஒரு கேள்வி எனக்கு இருந்தது. 1983-இல் கேமரா வழியாகத்தானே பார்த்தேன், எனக்கு ஏன் மஞ்சள் தெரியவில்லை? விடை எளிது. நம் கண் பழகிக்கொள்ளும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்தாலும் வெள்ளைச் சட்டை நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது அல்லவா, அது போல. ஃபிலிம் பழகிக்கொள்ளாது. வந்ததை வந்தபடி எழுதும். கறுப்பு வெள்ளை ஃபிலிமாக இருந்திருந்தால், மஞ்சள் ஃபில்டர் போட்டது போல வானம் கொஞ்சம் கறுத்து மேகம் எடுப்பாகத் தெரிந்திருக்கும், பாராட்டு கிடைத்திருக்கும். கலர் நெகட்டிவாக இருந்திருந்தால், பிரிண்ட் போடுபவரே மஞ்சளைக் கழித்துத் திருத்தியிருப்பார். ஸ்லைடில் திருத்த இடமே இல்லை. கேமராவில் பதிந்ததே சுவரில் விழும்.

இவ்வளவையும் படித்து முடித்த அன்று இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காலையில் பரணிலிருந்து அந்த ஸ்லைடு பெட்டியை இறக்கினேன். அட்டைச் சட்டங்களில் எண் இருந்தது. இரண்டாவது ரோலை 1 முதல் 36 வரை, சாப்பாட்டு மேசையில் ஒரு பால் கண்ணாடி வைத்து, அடியில் விளக்கு வைத்து, வரிசையாக அடுக்கினேன். குமாஸ்தா வேலையில் நாற்பது வருடம் வரிசைப்படுத்தியவனுக்கு அது பத்து நிமிட வேலை.

1 முதல் 13 வரை மஞ்சள். 14 முதல் 19 வரை வெள்ளை வெள்ளையாக இருந்தது. பட்டு வேட்டி பட்டு வேட்டியாகவே இருந்தது. 20 முதல் 36 வரை மீண்டும் மஞ்சள். அந்த ஆறும் குரூப் போட்டோ. அண்ணன் தன் லென்ஸைக் கழற்றிக் கொடுத்து எடுத்த ஆறு. ஒரே ரோல், ஒரே தொட்டி, ஒரே மருந்து, ஒரே காலை வெயில். மாறியது கண்ணாடி மட்டும்.

மருந்து கெட்டிருந்தால் ரோல் முழுக்கக் கெட்டிருக்கும் என்று அவர் சொன்னது ஒரு வரி. அதை மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ வேண்டிய சாட்சி என் வீட்டுப் பரணிலேயே முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கிடந்தது. அலுவலகத்தில் ஃபைலைப் புரட்டாமல் குறிப்பு எழுதியவனை நான் எத்தனை முறை கடிந்திருக்கிறேன்.

லென்ஸை வெளுக்க வைக்கும் வேலையை அந்த ஏப்ரலில் செய்தேன். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர், மாட்டிக்கொண்ட எலெக்ட்ரான்களை விடுவித்துப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடும். தோரியத்தின் மஞ்சள் இதில் குறையும். பிசினின் மஞ்சளாக இருந்தால் குறையாது. பின் மூடியைக் கழற்றி, அடியில் அலுமினியத் தாளை விரித்து, பின்புறக் கண்ணாடி வெயிலைப் பார்க்கும்படி ஜன்னல் திட்டில் வைத்தேன். இரண்டு எச்சரிக்கை. லென்ஸ் வெயிலைக் குவிக்கும். பக்கத்தில் துணி, தாள், திரைச்சீலை இருந்தால் பற்றிக்கொள்ளும். நம் ஊர் மொட்டைமாடிச் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி அபெர்ச்சர் தகடுகளில் இறங்கிவிடும். அதனால் காலை வெயில் போதும், பத்து மணிக்கு எடுத்துவிட வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் வைத்தேன். வாரத்துக்கு ஒருமுறை தாளில் வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் வாரம் டீ நிறம் எலுமிச்சைச் சாறாக மாறியிருந்தது. ஆறாவது வாரம், தாள் ஏறக்குறைய தாளாகவே தெரிந்தது. இருட்டில் பூட்டிவைத்தால் மறுபடி மெல்ல மஞ்சளாகும். தோரியம் தன் வேலையை நிறுத்தாது. அதனால் இப்போது அது பீரோவில் இல்லை. ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

லென்ஸ் வெளுத்தது. ஸ்லைடு வெளுக்காது, அவை அப்படியேதான் இருக்கின்றன.

அண்ணன் காலமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சாவுக்கும் நான் போகவில்லை. அவர் மகன் அதே இடத்தில் இப்போது ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ கடை வைத்திருக்கிறார். ஒரு மதிய நேரம், கூட்டம் இல்லாத வேளையில், ஸ்லைடு பெட்டியோடு போனேன். யார் என்று சொன்னேன். எண் வரிசைப்படி அடுக்கிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். 13-ஆம் எண்ணையும் 14-ஆம் எண்ணையும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்பா அன்னைக்கு நீங்க போனதும், இருந்த மருந்து எல்லாத்தையும் கொட்டிட்டாரு சார்," என்றார். "புது கிட் வரவழைக்க மூணு மாசம் ஆச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் அப்ப ஒன்பதாவது."

என்னை மறுத்துப் பேசியவர், நான் போன பின் தன்னையே சந்தேகப்பட்டு மருந்தைக் கொட்டியிருக்கிறார். எனக்கு அந்தச் சந்தேகம் ஒருநாள்கூட வரவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், "மன்னிச்சுக்கணும் தம்பி" என்றேன். அவர், "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டார். சாப்பிட்டேன்.

பிரெஞ்சில் கேமரா லென்ஸை 'ஒப்ஜெக்திஃப்' என்பார்கள். பாரபட்சம் இல்லாமல் பார்ப்பவன் என்பதற்கும் அதே சொல்தான். பள்ளியில் அந்த இரண்டு பொருளையும் தனித்தனியே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அந்த ஆறு குரூப் போட்டோக்களையும் ஸ்கேன் செய்து பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒன்றை அவர் மகனிடம் கொடுத்தேன். ஓரத்தில், தன் ப்ராக்டிகாவைத் தோளில் மாட்டிக்கொண்டு, லென்ஸ் இல்லாத அதன் வாயைக் கைக்குட்டையால் மூடியபடி அண்ணன் நிற்கிறார். சட்டை நல்ல வெள்ளை.